'தி 405'ஆ, வெறும் 405ஆ? அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் ஏழு வருடம், அப்புறம் கலிபோர்னியாவின் பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி) பதிமூன்று வருடம் வண்டி ஓட்டியாயிற்று. புதிதாக வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெரியவர்கள் என்று எல்லாரும் கேட்பது சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். இருப்பது ஒரே சாலை. பலகையில் ஒரு பெயர், ரேடியோவில் ஒரு பெயர், பக்கத்து வீட்டுக்காரர் வாயில் வேறொரு பெயர். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

ஹைவே, ஃப்ரீவே, எக்ஸ்பிரஸ்வே எல்லாம் ஒண்ணுதானா, வேற வேறயா?

சாலைப் பொறியாளரைக் கேட்டால் வேறு வேறு என்பார். ஹைவே பொதுப்பெயர், சிக்னல் வைத்த சாதாரண இருவழிச் சாலைகூட ஹைவேதான். ஃப்ரீவேயில் சிக்னலும் கிடையாது, குறுக்குச் சாலையும் கிடையாது. ஏற இறங்கத் தனிச் சரிவுப்பாதை இருக்கும். எக்ஸ்பிரஸ்வே இரண்டுக்கும் நடுவில். சான் ஹோசே பக்கம் லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் போனால் நாலு நிமிடத்துக்கு ஒரு சிக்னலில் நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் மக்கள் அகராதியைப் பார்த்துப் பேசுவதில்லை. மேற்குக் கரையில் பெரிய சாலை என்றாலே ஃப்ரீவே. கிழக்கில் அதே மாதிரிச் சாலை ஹைவே. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் எக்ஸ்பிரஸ்வே என்றால் சிக்னலே இல்லாத முழு ஃப்ரீவே. நியூ ஜெர்சிக்காரரிடம் ஃப்ரீவே என்று சொன்னால் புரியும். கூடவே நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பதும் புரிந்துவிடும்.

ஃப்ரீவேன்னா ஃப்ரீதானே? அப்போ டோல் ஏன் கேக்குறான்?

அந்த 'ஃப்ரீ' காசைப் பற்றியது இல்லை. நியூயார்க் வழக்கறிஞர் எட்வர்ட் பாசெட் 1930-ல் இந்தச் சொல்லை முன்வைத்தார். சாலையோரத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் தங்கள் வாசலிலிருந்து நேராக வண்டியை இறக்க உரிமையில்லாத சாலை, அதாவது குறுக்கீடு இல்லாத சாலை என்பதுதான் பொருள். அதனால் ஃப்ரீவேயில் கட்டணமும் இருக்கலாம். தெற்குக் கலிபோர்னியாவில் 91-ஆம் எண் ஃப்ரீவேயின் நடுவிலேயே 1995 முதல் காசு கட்டி ஓட்டும் தடங்கள் இருக்கின்றன.

டர்ன்பைக்னா என்ன? பார்க்வேயில வண்டியை பார்க் பண்ணலாமா?

பண்ணாதீர்கள், போலீஸ் வரும். டர்ன்பைக் என்பது பழைய சுங்கச்சாவடிச் சொல். அந்தக் காலத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கம்பு இருக்கும். காசைக் கொடுத்தால் கம்பைத் திருப்பி வழிவிடுவார்கள். 1940 அக்டோபரில் திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக்கும் அதற்கு 11 வருடம் கழித்து வந்த நியூ ஜெர்சி டர்ன்பைக்கும் இன்றைக்கும் காசு வாங்குகின்றன. கனெக்டிகட் டர்ன்பைக் 1985-லேயே சுங்கத்தை எடுத்துவிட்டது. பெயர் மட்டும் மிச்சம்.

பார்க்வே என்றால் பூங்கா நடுவே போகிற மாதிரி மரம் செடியோடு கார்களுக்காகப் போட்ட சாலை. நியூயார்க்கில் லாரி பார்க்வேக்குள் வரக்கூடாது. மேலே போகும் பாலங்கள் தாழ்வாக இருக்கும்; நீங்கள் வீடு மாற்ற வாடகைக்கு எடுக்கும் பெட்டி வண்டி முட்டிக்கொள்ளும். இதே கதை பாஸ்டனில் ஸ்டாரோ டிரைவ் என்ற ஆற்றோரச் சாலையில் வருடா வருடம் நடக்கும். அங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1-ல் தொடங்கும். அந்த வாரம் யாராவது ஒரு மாணவர் சோபாவும் கட்டிலும் ஏற்றிய வண்டியைப் பாலத்துக்கடியில் செருகி, கூரையைச் சார்டின் டப்பா மாதிரி உரித்துவிடுவார். 'ஸ்டாரோ ஆகிவிட்டது' என்று அதை ஒரு வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள் பாஸ்டன்காரர்கள்.

பலகையில நம்பரைச் சுத்தி விதவிதமா படம் இருக்கே, அது அலங்காரமா?

இல்லை, அதுதான் சாலையின் சாதி. நீலமும் சிவப்புமான கேடயம் இன்டர்ஸ்டேட்: ஐ-80, ஐ-95 வகை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கேடயம் அதற்கு முந்தைய யூ.எஸ். சாலை: யூ.எஸ். 1, யூ.எஸ். 101. மற்றவை மாநிலச் சாலைகள். ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வடிவம் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் சுரங்கத் தொழிலாளியின் மண்வெட்டி, யூட்டாவில் தேன்கூடு, வாஷிங்டன் மாநிலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் தலை.

பேச்சில் இந்தச் சாதி வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. 101 யூ.எஸ். சாலை, 280 இன்டர்ஸ்டேட், 85 மாநிலச் சாலை. என் அலுவலகத்தில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. மூன்றும் வெறும் எண்தான்.

நம்பரை வச்சே எந்தத் திசைன்னு சொல்லலாமாமே?

சொல்லலாம். இன்டர்ஸ்டேட்டில் ஒற்றைப்படை எண் தெற்கு வடக்கு, இரட்டைப்படை எண் கிழக்கு மேற்கு. ஒற்றைப்படை மேற்கிலிருந்து கிழக்கே ஏறும்: பசிபிக் கரையில் ஐ-5, அட்லாண்டிக் கரையில் ஐ-95. இரட்டைப்படை தெற்கிலிருந்து வடக்கே ஏறும்: லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புளோரிடா வரை ஐ-10, சியாட்டிலிலிருந்து பாஸ்டன் வரை ஐ-90.

யூ.எஸ். சாலைகளுக்கு 1926-ல் எண் கொடுத்தபோது இதற்கு நேர் எதிராக வைத்தார்கள்: யூ.எஸ். 1 கிழக்குக் கரையில், 101 மேற்குக் கரையில். முப்பது வருடம் கழித்து, 1956 சட்டத்தால் இன்டர்ஸ்டேட் வந்தபோது, ஒரே எண்ணில் இரண்டு சாலைகள் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளக் கூடாது என்று வரிசையைத் தலைகீழாக்கினார்கள். ஐ-50, ஐ-60 என்று சாலையே இல்லாததற்கும் இதுதான் காரணம். நாட்டின் நடுப்பகுதியில் எந்த வரிசையில் எண்ணினாலும் 50-ம் 60-ம் அதே மாநிலங்களில்தான் விழும். அங்கே ஏற்கெனவே யூ.எஸ். 50-ம் 60-ம் ஓடுகின்றன.

அப்போ மூணு இலக்க நம்பர்?

கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. முதல் இலக்கம் இரட்டை என்றால் ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி சேரும். ஒற்றை என்றால் ஊருக்குள் போய் நின்றுவிடும். ஐ-405 என்பது ஐ-5-லிருந்து பிரிந்து லாஸ் ஏஞ்சலிஸை மேற்கே சுற்றி மறுபடி ஐ-5-ல் சேர்கிறது. பே ஏரியாவின் 280, 580, 680, 880 எல்லாம் 80-இன் பிள்ளைகள். ஐ-80 நியூ ஜெர்சியில் முடிவதால் அங்கேயும் ஒரு 280 உண்டு. நான் இடம் மாறிய புதிதில், '280-ல டிராஃபிக்' என்று கேட்டதும் நூவர்க் நகரம்தான் கண்ணுக்குள் வந்தது.

விதிவிலக்கும் உண்டு. எங்கள் பக்கம் ஐ-238 என்று ஒரு துண்டுச் சாலை இருக்கிறது. தாய்ச்சாலையான ஐ-38 நாட்டில் எங்குமே கிடையாது. ஏற்கெனவே மாநில எண் 238 ஆக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எல்.ஏ.ல இருக்கிற ஃப்ரெண்ட் எல்லாத்துக்கும் 'தி' போட்டு 'தி 405', 'தி 10'ன்னு சொல்றான். ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ஐ-10, ரூட் 10, ஹைவே 10 என்று சொல்லும்போது தெற்குக் கலிபோர்னியாவில் ஏன் எண்ணுக்கு முன்னால் ஒரு 'தி', அதாவது ஆங்கில 'the'? இன்டர்ஸ்டேட் எண்ணுக்கு முன்பே அங்கே ஃப்ரீவேக்கள் வந்துவிட்டதுதான் காரணம். லாஸ் ஏஞ்சலிஸின் முதல் ஃப்ரீவேயான அரோயோ செக்கோ பார்க்வே 1940 டிசம்பரில் திறந்தது. இன்டர்ஸ்டேட் சட்டம் வர இன்னும் 16 வருடம் இருந்தது. அடுத்து ஹாலிவுட் ஃப்ரீவே, சான்டா ஆனா ஃப்ரீவே, ஹார்பர் ஃப்ரீவே என்று வரிசையாக வந்தன. எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்ப் பெயர். பெயரோடு சொல்லும்போது ஆங்கிலத்தில் இயல்பாகவே 'தி ஹாலிவுட் ஃப்ரீவே' என்றுதான் வரும்.

அப்போதும் எண்கள் இருந்தன, ஆனால் அவற்றால் பிரயோஜனம் இல்லை. சான் பெர்னார்டினோ ஃப்ரீவேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தார்ச்சாலை, அதன்மேல் யூ.எஸ். 60, 70, 99 என்று மூன்று எண்கள் சேர்ந்து ஓடின. 'அறுபது எழுபது தொண்ணூற்றொன்பதில் விபத்து' என்று எந்த ரேடியோக்காரர் சொல்வார்? 'தி சான் பெர்னார்டினோ' என்று முடித்துக்கொண்டார்கள்.

1964-ல் கலிபோர்னியா தன் சாலை எண்களை ஒட்டுமொத்தமாகத் திருத்தி, ஒரு சாலைக்கு ஒரு எண் என்று ஒழுங்குபடுத்தியது. சான் பெர்னார்டினோ ஃப்ரீவே ஐ-10 ஆயிற்று. புதிய ஃப்ரீவேக்களும் பெருகின, பெயர்கள் குழப்பின. வென்ச்சுரா ஃப்ரீவே பாதி 101, மீதி 134. சான் டியேகோ ஃப்ரீவே மேலே 405, கீழே 5. மெல்ல மெல்ல எண் ஜெயித்தது. ஆனால் இருபது இருபத்தைந்து வருடம் 'தி' சொல்லிப் பழகிய நாக்கு அதை விடவில்லை. பெயர் இருந்த இடத்தில் எண்ணை உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். நாற்காலி பழையது, ஆள்தான் புதுசு.

பே ஏரியாவில 'தி 101'ன்னு சொன்னா சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டார்கள், ஆனால் 'எல்.ஏ.விலிருந்து வருகிறீர்களா?' என்று கேட்பார்கள். இங்கே '101 எடு', '880 வேண்டாம்' என்று மொட்டையாகத்தான் பேச்சு. மலைச்சாலை, கடற்கரைச் சாலை என்றால் மட்டும் 'ஹைவே 17', 'ஹைவே 1'. இங்கேயும் ஃப்ரீவேக்களுக்குப் பெயர்கள் உண்டு: 880-க்கு நிமிட்ஸ், 280-க்கு ஹூனிப்பெரோ செர்ரா. பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் எண் வந்ததும் பெயர் கழன்றுகொண்டது, கூடவே 'தி'யும் போய்விட்டது. தெற்கில் நடந்ததற்கு நேர்மாறு.

எல்லை எங்கே என்று கேட்டால் கோடு கிழிக்க முடியாது. சான்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ பக்கம் இரண்டும் காதில் விழும்.

வேற எங்கயாவது 'தி' உண்டா, இல்லை கலிபோர்னியா மட்டும்தானா?

பீனிக்ஸில் 'தி 101', 'தி 202' உண்டு. லாஸ் வேகஸில் 'தி 15', 'தி 215' உண்டு. இரண்டு ஊரிலும் தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து குடிபோனவர்கள் ஏராளம் என்பதால் அது ஆச்சரியமில்லை. பீனிக்ஸின் 101 வேறு, கலிபோர்னியாவின் 101 வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆச்சரியம் எங்கே என்றால் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் பஃபலோவில். அங்கேயும் 'தி 90', 'தி 190', 'தி 290'தான். நியூயார்க் நகரத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பாலத்தைத் தாண்டினால் கனடாவின் ஒன்டாரியோ. அங்கே 'தி 401', 'தி க்யூ.ஈ.டபிள்யூ.' (குயீன் எலிசபெத் வே) என்பது வழக்கம். பக்கத்து வீட்டுப் பேச்சு ஒட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனிலும் 'தி எம்25' என்பார்கள். ஆக, 'தி' போடுவது வினோதமே இல்லை. அமெரிக்காவுக்குள் அது சிறுபான்மை, அவ்வளவுதான்.

நாம வீட்ல தமிழ்ல பேசும்போது இதெல்லாம் வராதே?

வராது. தமிழில் 'தி'க்கு இடமே இல்லை. எல்.ஏ. தமிழரும் சரி, பே ஏரியா தமிழரும் சரி, '405-ல போய் 10-ஐப் பிடி' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் ஊர் வெளியே தெரிகிறது.

ஆனால் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுதும்போது 'ஐ-95-ஐ எடு' என்றால் முன்னாலும் ஒரு ஐ, பின்னாலும் ஒரு ஐ. என் மாமனார் ஒருமுறை செய்தியைப் படித்துவிட்டு, 'எதுக்குப்பா ரெண்டு ஐ, ஒண்ணு போதாதா?' என்றார். அன்றிலிருந்து வீட்டில் முன் ஐ-யை விட்டுவிட்டோம். இன்னொன்று, எண்ணைத் தமிழில் சொல்லிவிடாதீர்கள். 'நானூற்றைந்து' என்றால் ஓட்டுகிறவருக்குப் புரிவதற்குள் எக்ஸிட் போய்விடும். 'ஃபோர் ஓ ஃபைவ்', 'டூ எய்ட்டி' என்றே சொல்லுங்கள்.

சிகாகோ ரேடியோவில 'கென்னடி ஜாம், டான் ரையன் ஓகே'ன்னு சொல்றான். நம்பரே சொல்ல மாட்டேங்கிறானே?

சிகாகோவில் எண்ணை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நகரத்தின் வடமேற்கே கென்னடி, தெற்கே டான் ரையன். இரண்டிலுமே 90-ம் 94-ம் சேர்ந்து ஓடுகின்றன. '90-ல் நெரிசல்' என்று சொன்னால் ஊருக்கு மேலேயா கீழேயா என்றே தெரியாது. அதனால் பெயர்: 290 ஐசன்ஹோவர், செல்லமாக 'தி ஐக்', 55 ஸ்டீவன்சன், 94 வடக்கே பிரிந்த பிறகு ஈடன்ஸ். கட்டணச்சாலை என்றால் டோல்வே, இலவசம் என்றால் எக்ஸ்பிரஸ்வே என்பது அந்த ஊர்க் கணக்கு.

லாஸ் ஏஞ்சலிஸில் எண் ஜெயித்ததும் சிகாகோவில் பெயர் ஜெயித்ததும் ஒரே காரணத்தால்தான்: எது குழப்பாதோ அது நிற்கிறது. புதிதாகப் போகிறவர்கள் அரசியல்வாதிகளின் பெயரை ஐந்து நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். பலகையில் எண்தான் பெரிதாக இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நியூயார்க்ல எல்.ஐ.ஈ., பி.க்யூ.ஈ.ன்னு சுருக்கி சுருக்கிப் பேசுறாங்க. நியூ ஜெர்சியும் அப்படியா?

நியூயார்க்கில் எழுத்துச் சுருக்கம் உயிர். லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வே எல்.ஐ.ஈ.; அதன் எண் 495 என்பதைப் பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். புரூக்ளின் குயீன்ஸ் எக்ஸ்பிரஸ்வே பி.க்யூ.ஈ., எண் 278. ஹட்சின்சன் ரிவர் பார்க்வே வெறும் 'தி ஹட்ச்'.

நியூ ஜெர்சியில் இரண்டே இரண்டு: 'தி டர்ன்பைக்', 'தி பார்க்வே'. எந்த டர்ன்பைக், எந்த பார்க்வே என்று கேட்கவே கூடாது. மற்றவை 'ரூட் 1', 'ரூட் 27', '287'. அப்புறம், 'எந்த ஊர்?' என்பதற்குப் பதிலாக 'எந்த எக்ஸிட்?' என்று கேட்பது அந்த மாநிலத்தைப் பற்றிய பழைய நகைச்சுவை. நாங்கள் இருந்தது எடிசன், டர்ன்பைக்கில் 10. டர்ன்பைக் எக்ஸிட்டுகள் வரிசை எண். நடுவில் புதிதாக ஒன்று முளைத்தால் 7ஏ, 8ஏ என்று செருகுவார்கள். பார்க்வே எக்ஸிட்டுகள் மைல் கணக்கு. எனவே 'எக்ஸிட் 129' என்று யாராவது சொன்னால் அது பார்க்வே என்பது தானே தெரியும்.

பாஸ்டன்ல '128 எடு'ன்னாங்க. போய்ப் பார்த்தா 95ன்னு போட்டிருக்கு. வழி தப்பிட்டேனா?

தப்பவில்லை. நானும் இதே இடத்தில் முழித்திருக்கிறேன். நண்பர் 128 என்று சொல்ல, 95 பலகைகளைப் பார்த்துப் பார்த்து 'இது இல்லை, இது இல்லை' என்று இரண்டு தடவை தாண்டிப் போனேன். பாஸ்டனைச் சுற்றும் அந்த அரைவட்டச் சாலை முதலில் மாநில எண் 128. பிறகு ஐ-95-ஐ ஊருக்குள் விடாமல் அதன்மேல் திருப்பிவிட்டார்கள். கணினி நிறுவனங்கள் வந்து குவிந்து பேர் வாங்கியது 128 என்ற பெயரில்தான் என்பதால் ஊர் அதை விடவில்லை.

செயின்ட் லூயிஸிலும் இதே கதை. ஐ-64 என்று பலகை சொல்லும். ஊர்க்காரர் 'ஹைவே 40' என்பார். அது பழைய யூ.எஸ். 40. பொதுவாக, ஒருவர் சொல்லும் எண் பலகையில் இல்லை என்றால் அவர் அந்த ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாஷிங்டன் டி.சி.யில இன்னர் லூப், அவுட்டர் லூப்னு ரெண்டு ரோடா?

ஒரே ரோடுதான். தலைநகரைச் சுற்றும் 495, 'தி பெல்ட்வே'. வட்டச்சாலைக்கு வடக்கு தெற்கு என்று சொல்ல முடியாது. பாதிச் சுற்றில் திசை மாறிவிடும். அதனால் கடிகாரமுள் திசையில் போவது இன்னர் லூப், எதிர்த்திசை அவுட்டர் லூப். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் கடிகாரத் திசையில் போகிறவர் உள்வட்டத்தில் இருப்பார். நகரம் உங்கள் வலப்பக்கம் இருந்தால் இன்னர் லூப்.

அட்லாண்டாவில் 285-க்குப் பெயர் 'தி பெரிமீட்டர்'. வீடு தேடும்போது ஐ.டி.பி., ஓ.டி.பி. என்பார்கள்: பெரிமீட்டருக்கு உள்ளேயா, வெளியேயா. ஹூஸ்டனில் 610 'தி லூப்'.

டெக்சஸ்ல 'ஃபீடர்ல வா'ன்னு சொல்றாங்க, அது என்ன?

ஃப்ரீவேக்கு இரண்டு பக்கமும் ஒட்டியே ஓடும் துணைச்சாலை. கடைகள், பெட்ரோல் பங்க், ஓட்டல் எல்லாம் அதில்தான். ஹூஸ்டனில் அது ஃபீடர், டாலஸில் சர்வீஸ் ரோடு, சான் அன்டோனியோவில் ஆக்சஸ் ரோடு. பலகையில் இருக்கும் சொல் ஃப்ரன்டேஜ் ரோடு.

ஹூஸ்டனில் ஐ-10-இன் மேற்குப்பகுதி கேட்டி ஃப்ரீவே, 45-இன் தெற்குப்பகுதி கல்ஃப் ஃப்ரீவே. டாலஸில் 635 என்றால் எல்.பி.ஜே. (முன்னாள் அதிபர் லிண்டன் பி. ஜான்சன் பெயரின் சுருக்கம்), 75 என்றால் சென்ட்ரல். ஆஸ்டினில் 'மோபேக்' என்று ஒரு பெயர் அடிபடும். மிசௌரி பசிபிக் என்ற ரயில் கம்பெனியின் சுருக்கம். அந்தத் தண்டவாளத்தை ஒட்டிப் போட்ட சாலை. எஃப்.எம். என்று பலகை பார்த்தால் ரேடியோ இல்லை, ஃபார்ம் டு மார்க்கெட்: விவசாயி விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகப் போட்ட சாலை. ஹூஸ்டனில் எஃப்.எம். 1960 இருபுறமும் கடையாக நிற்கிறது, வயலைக் காணோம்.

மிச்சிகன்ல 'எம்-59'ங்கிறாங்க. பிரிட்டன் மாதிரி மோட்டார்வேயா?

இல்லை. அந்த எம் மிச்சிகனைக் குறிக்கும் எம். சாலையின் பெயரே அதுதான். 'ரூட் 59', 'ஸ்டேட் ரோடு 59' என்று சொன்னால் வெளியூர் ஆள். டெட்ராய்ட் நகருக்குள் மறுபடி பெயர்கள்: லாட்ஜ், சவுத்ஃபீல்ட், டேவிசன். மிசௌரியில் இரண்டாம் நிலைச் சாலைகளுக்கு எண்ணே கிடையாது, எழுத்துதான்: 'ரூட் கே', 'ஹைவே என்'.

ரூட்டா, ரவுட்டா? ஸ்கூல்கில்னு எழுதியிருக்கே, அதை எப்படித்தான் சொல்றது?

வடகிழக்கில் 'ரூட் 1' என்பதுதான் வழக்கம். மற்ற இடங்களில் 'ரவுட்'டும் கேட்கும், இரண்டும் சரி.

பிலடெல்பியாவின் 76-க்குப் பெயர் ஆற்றின் பெயர். எழுத்தைப் பார்த்து மிரளாமல் 'ஸ்கூக்கல்' என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே 476; அது 'ப்ளூ ரூட்'. நீலநிறம் எங்கேயும் இல்லை. திட்டமிட்டபோது வரைபடத்தில் மாற்றுப்பாதைகளை ஆளுக்கொரு நிறத்தில் வரைந்தார்கள், நீலக்கோடு தேர்வானது, பெயரும் அதுவே ஆயிற்று. நியூயார்க்கின் 'வான் விக்'கா 'வான் வைக்'கா என்பதை நியூயார்க்காரர்களே இன்னும் தீர்க்கவில்லை.

பலகையில யாரோ தலைவர் பேர் போட்டிருக்கு. அதை யாரும் சொல்லலையே, அது எதுக்கு?

மரியாதைக்கு. சட்டமன்றம் பெயர் வைக்கும், பலகையும் நடும். ஜனங்கள் வாயில் நட முடியாது. நியூயார்க்கில் டாப்பன் ஸீ பாலத்துக்குப் புதுப்பாலம் கட்டி, 2017-ல் முன்னாள் ஆளுநர் மரியோ குவோமோவின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கும் பலருக்கு அது டாப்பன் ஸீதான். சிகாகோவில் கென்னடியின் பெயர் நின்றதே என்று கேட்கலாம். அந்த ஊர் ஏற்கெனவே பெயரால் பேசிய ஊர், நார்த்வெஸ்ட் எக்ஸ்பிரஸ்வே என்று இருந்ததை 1963-ல் கென்னடி கொல்லப்பட்ட மாதத்திலேயே மாற்றினார்கள். துக்கத்தோடு வந்த பெயர் ஒட்டிக்கொண்டது.

பலகையில ஈஸ்ட்னு இருக்கு, ஃபோன்ல காம்பஸ் நார்த்துனு காட்டுது. எதை நம்புறது?

பலகையை. திசை என்பது சாலை மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு வைத்த பெயர்; நீங்கள் நிற்கும் இடத்தில் சாலை எப்படி வளைந்தாலும் அது மாறாது. ஓக்லாண்டிலிருந்து பெர்க்லிக்குக் கடலோரமாகப் போகும் சாலையில் ஒரே பலகைக் கம்பத்தில் '80 ஈஸ்ட்' என்றும் '580 வெஸ்ட்' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே தடம். உண்மையில் நீங்கள் போய்க்கொண்டிருப்பது வடக்கே. விரிகுடா இடப்பக்கம் தெரியும். அப்பாவை முதல்முறை அந்த வழியாகக் கூட்டிப்போனபோது, 'கிழக்கையும் மேற்கையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கானே' என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வர்ஜீனியாவில் வித்வில் அருகே இதைவிட மோசம்: 77 நார்த்தும் 81 சவுத்தும் சில மைல் தூரம் ஒரே தடத்தில்.

வண்டி நின்னுபோய் 911 கூப்பிட்டா எந்தப் பேரைச் சொல்லணும்?

பலகையில் இருக்கும் எண், பலகையில் இருக்கும் திசை, கடைசியாகத் தாண்டிய எக்ஸிட் அல்லது சாலையோரத்தில் சின்னதாகப் பச்சையாக நிற்கும் மைல் எண். '880 சவுத், இன்ன எக்ஸிட்டைத் தாண்டி' என்றால் போதும். திசை மிக முக்கியம். எதிர்ப்பக்கம் வரும் வண்டி உங்களிடம் சேர ஒரு எக்ஸிட் போய்த் திரும்பி வர வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன மாதிரி இரண்டு எண் சேர்ந்து ஓடும் இடம் என்றால் இரண்டையும் சொல்லுங்கள். 'தி' போட்டீர்களா இல்லையா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

எட்டு வருஷம் ஜெர்சியில இருந்துட்டு இப்போ எல்.ஏ. போறேன். நானும் 'தி' போட்டுப் பேசணுமா?

வேண்டாம், வலிந்து போட்டால் ஒட்ட வைத்த மீசை மாதிரி இருக்கும். '405' என்று மட்டும் சொன்னாலும் அங்கே எல்லாருக்கும் புரியும்.

ஆனால் அது தானாக வந்துவிடும். என் மகன் போன வருடம் சான் டியேகோவுக்குப் படிக்கப் போனான். மூன்று மாதம் கழித்து தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல், 'தி 5 ஃபுல்லா டிராஃபிக்பா' என்றான். மாடிப்படியிலிருந்து அவன் தங்கை, 'தியாம், தி!' என்று கத்தினாள். அவனுக்கு என்னவென்றே புரியவில்லை.